எங்கள் லைன் வீட்டை அளந்தவள்

ஸாதனா யார் வீட்டுக்குப் போனாலும் போட்ட நாற்காலியில் அப்படியே உட்கார மாட்டாள். வாசலைத் தாண்டியதும் சற்று நிற்பாள். சன்னல் எங்கே, அடுக்களை எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கண் ஒரு சுற்று சுற்றி வரும். பிறகு நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவிட்டு உட்காருவாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்தே அப்படித்தான். ஒரு துக்க வீட்டில்கூடச் செய்தாள். அவள் அம்மா சரோஜம்மா தொடையில் கிள்ளி, "ஏட்டி, போட்ட எடத்துல இருக்க மாட்டியா? முள்ளா குத்துது?" என்றாள். ஆனால் அவள் நகர்த்திய பிறகு பார்த்தால், சாயாத் தட்டோடு உள்ளே இருந்து வருகிறவர்கள் யாரையும் இடிக்காமல் வர வழி இருக்கும்.

நான் அவளுக்கு அத்தை. சரோஜம்மாவின் தம்பி பிச்சைமணியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவள். என் பெயர் காளி. "பேருதான் காளி, வாயத் தொறந்தா காத்துதான் வரும்" என்று சரோஜம்மா மைனி கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அதன்பிறகு லைனில் எல்லோருக்கும் அது சொல்லி வைத்த வேடிக்கையாகிவிட்டது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. மலையாளம் காதால் கற்றதுதான். பேச்சுக் கூடிவராத ஊரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படிப் பார்த்ததில் அதிகமும் இந்தப் பெண்ணைத்தான்.

எங்கள் லைன் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இருந்தது. ஒரே நீள ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஆண்கள் பெரும்பாலும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பிச்சைமணிக்குக் கால்வாய் அடைப்பெடுக்கும் வேலை. கட்டடம் ஒரு வியாபாரக் குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் காலத்து முதலாளி வாய்வார்த்தையாகக் குடியிருக்கச் சொன்னது, பிள்ளைகள் எல்லாம் பம்பாய்க்குப் போன பிறகும் அப்படியே நடந்தது. மாதாமாதம் ஓர் ஆள் வந்து வாடகை வாங்கிப் போவான். எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அதனால் லைனில் ஒரு வழக்கம். எந்த வீடும் ஒரு ராத்திரிகூட ஆளில்லாமல் கிடக்கக் கூடாது. பங்குனியில் ஊர்க் கோவில் கொடைக்குக் கிளம்பும்போது டிக்கெட் எடுத்தாச்சா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "இருப்பு யாரு?" என்றுதான் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தலை தங்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், விளக்குப் போட வேண்டும். முன்பு ஒருமுறை கடைசி வீட்டுக்காரர்கள் மொத்தமாகக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது வேறு பூட்டுத் தொங்கியது. அந்த அறை இன்றைக்கு வரைக்கும் சாக்கு அடுக்குகிற இடம். முப்பிடாதி அக்காவுக்குப் பிள்ளை இல்லை, ஊரிலும் யாரும் இல்லை. அவள்தான் பல வீடுகளுக்கு இருப்பு. கொரோனாவில் எங்களை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனபோது அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "சாவுறதுன்னா இங்கனயே சாவுறேன், வண்டிய எடுங்க" என்று கத்தினாள். எங்கள் வீட்டுச் சாவியெல்லாம் அவள் மடியில் இருந்தது.

ஸாதனா பிளஸ் டூ முடித்தபோது மைனி நர்சிங் அனுப்ப நினைத்திருந்தாள். லைனில் ஏற்கெனவே ஒரு பெண் நர்சாகிக் குவைத்தில் இருந்தாள். ஸாதனா இன்டீரியர் டிசைன் என்றாள். எறணாகுளத்தில் டிப்ளமோ இருக்கிறது என்றாள்.

"அப்படின்னா என்னட்டி?"

"வீட்டுக்குள்ள எது எங்க இருக்கணும்னு பாக்குறது அம்மா."

"அத நான் சும்மாவே செய்றேனே. அடுப்பு அந்த மூலைல. பாய் இந்தச் செவுத்துல. படிப்பு முடிஞ்சிது, சர்ட்டிபிகேட் குடு."

எல்லோரும் சிரித்தோம். பிச்சைமணிதான் அதிகம் சிரித்தார். ஸாதனா சிரிக்கவில்லை. "அம்மா, நான் துணி மாத்தணும்னா நீங்க எல்லாரும் சந்துல போய் நிக்கிறீங்க. மழையானாலும் நிக்கிறீங்க. அது எடம் பத்தாததுனால இல்ல. யாரும் ஒக்காந்து யோசிக்கல, அதுனாலதான்" என்றாள். மைனி சாயா போட எழுந்து போனாள். அடுத்த மாதம் அவளே கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

படிப்பு முடிந்து இடப்பள்ளியில் அடுக்களை அலமாரிகள் விற்கிற பெரிய கடை ஒன்றில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவாள். வந்து என் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்த வீட்டைச் சொல்வாள். "அத்தை, இன்னைக்கு ஒரு வீடு. அடுக்களையே நம்ம லைன்ல பாதி இருக்கும். ஆனா அந்தச் சேச்சி சமைக்கிறது பின்னால வேற ஒரு சின்ன அடுக்களைல. இது ஆளுங்களுக்குக் காட்ட மட்டும். நான் காட்டுறதுக்கு அடுக்களை செய்யவா அத்தை படிச்சேன்?" என்பாள். நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்கும் என்னிடம் பதில் தேவைப்படவில்லை.

அப்போதுதான் ரமேஷ்பாபு வந்தார். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் டிசைன் ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலையை முதலாளிக் குடும்பம் அவரிடம் ஒப்படைத்திருந்தது. ஸாதனா அந்த லைனில் பிறந்தவள் என்று தெரிந்ததும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். சம்பளம் இடப்பள்ளியைவிடக் குறைவு. அவள் கணக்கே பார்க்கவில்லை.

முதல் நாள் அவர் எங்கள் வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கொடுத்த மரவள்ளிக் கப்பையும் மத்திக் குழம்பும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மெதுவான குரல். "நல்ல வீடு பணக்காரருக்கு மாத்ரம் மதியோ, சேச்சி?" என்றார், நல்ல வீடு பணக்காரருக்கு மட்டும் இருந்தால் போதுமா என்று. ஸாதனா எங்களைப் பார்த்தாள். தான் இத்தனை நாளாகச் சொன்னதைத்தானே இவரும் சொல்கிறார் என்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

கூரை மாற்றுவார்கள், தரை மாற்றுவார்கள், ஒவ்வொரு வீட்டையும் உள்ளே சரியாகச் செய்து கொடுப்பார்கள், வாடகை கொஞ்சம் கூடும், அதே ஆட்கள் அதே வீட்டில் இருக்கலாம். இதுதான் பேச்சு. ரமேஷ்பாபு சொன்னார், ஸாதனா தமிழில் திருப்பிச் சொன்னாள். நாங்கள் கேட்டது அவள் சொன்னதைத்தான்.

அவள் அளக்க ஆரம்பித்தாள். நாடாவை நான் ஒரு நுனியில் பிடிப்பேன். சுவரை மட்டும் அளக்கவில்லை. "அத்தை, காலைல முழிச்சதும் ஒங்க கை முதல்ல எங்க போவும்?" என்று கேட்டாள். யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, "செவுத்துக்கு" என்றேன். முட்டுவலி. பாயில் இருந்து எழ சுவரைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் பெயிண்ட் எண்ணெய்ப் பிசுக்காகக் கிடந்தது. அவள் அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். முப்பிடாதி அக்காவிடம், "சாமி படத்தை எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுவீங்க?" என்று கேட்டாள். "அளக்குறதோட நிறுத்துட்டி, சாமிக்கும் அளவெடுக்காத" என்றாள் அக்கா.

மாதிரிக்கு எங்கள் வீட்டை முதலில் செய்தார்கள். நாங்கள் உள்ளே இருக்க, பகலில் வேலை நடந்தது. என் கை போகும் இடத்தில் வழுவழுப்பான ஒரு மரக் கம்பி வந்தது. அலமாரிக் கதவை விரித்தால் அதுவே ஒரு மறைப்பு, அதன் பின்னால் நின்று ஒரு பெண் நிம்மதியாகத் துணி மாற்றலாம். பிச்சைமணிக்குச் செய்தது எதிர்பாராதது. அவர் கால்வாயில் இருந்து வந்தால் வீட்டுக்குள் நுழைய மாட்டார். நான் தண்ணீரும் துண்டும் கொண்டுவரும் வரைக்கும் சந்தில் ஒதுங்கி நிற்பார். வேலைத்துணியை வைக்க இடமில்லாமல் ஒரு பையில் கட்டி ஓட்டு இறவாணத்தில் தொங்கவிடுவோம். ஸாதனா வாசல் சுவரில் வெளியே இருந்து திறக்கிற ஒரு பெட்டி வைத்தாள், காற்றுப் போக ஓட்டைகளோடு. பக்கத்தில் ஒரு குழாய், உட்கார்ந்து பூட்சைக் கழற்ற ஒரு பலகை. முதல் நாள் அவர் அந்தப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மாமா, சரியா இருக்கா?" என்று கேட்டாள். "ஆபீசர் கணக்கா இருக்கு, போ" என்றார்.

நான் என் வாழ்நாளில் பார்த்த வேலைகளில் அது ஒரு நல்ல வேலை. பின்னால் என்ன நடந்தாலும் அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு லைன் முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. அப்போது ஸாதனா ஒரு விஷயம் சொன்னாள். கூரை எல்லாருக்கும் ஒன்று. அதைப் பிரித்தால் கீழே யாரும் இருக்க முடியாது. இரண்டு மாதம் எல்லோரும் வெளியே போக வேண்டும். இடக்கொச்சியில் ஆபீஸே வீடு பார்த்துக் கொடுக்கும்.

சந்தில் பாய் விரித்துப் பேசினோம்.

"இருப்பு யாரு?" என்றாள் முப்பிடாதி அக்கா.

"கூரையே இருக்காது அக்கா. யாரு இருக்க முடியும்?" என்றாள் ஸாதனா.

"நான் இருப்பேன். ஒரு டார்ப்பாய் மதி."

"மேல இருந்து ஓடு விழும். மரம் விழும். ஒங்க தலைல விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

பிச்சைமணி தான் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு இழுப்பு உண்டு. அந்தத் தூசியில் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்று ஸாதனா சொன்னதும் நானே அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சாவிய அந்த ஆளு கைல குடுக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"அவர்ட்ட குடுக்க வேண்டா. எங்கிட்ட குடுங்க. நான் எங்க போயிருவேன்? இந்த வீட்லதான அக்கா பொறந்தேன்? நீங்கதான எனக்கு மொத வெந்நி ஊத்துனீங்க?"

அக்கா மடியில் இருந்த சாவிக் கொத்தை எடுத்து ஸாதனாவின் கையில் வைத்தாள். லைனில் இருப்பு இல்லாமல் எல்லா வீட்டையும் பூட்டியது அந்த ஒரு முறைதான். வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் எங்கள் ஆட்கள் கொடுத்திருக்க மாட்டார்கள். ரமேஷ்பாபுவுக்கு அது தெரிந்திருந்தது.

மேடத்தில், நம் சித்திரையில், போனோம். மழைக்கு முன்னால் முடிந்துவிடும் என்றார்கள். மழை வந்தது, வேலை நிற்கிறது என்றார்கள். இடக்கொச்சி வீட்டைச் சுற்றிக் காயல் வாடையும் இறால் ஷெட்டும். பிச்சைமணி மட்டாஞ்சேரி வேலைக்கு விடியுமுன்னே பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஸாதனாவும் மைனியும் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தார்கள். அவள் ஆரம்பத்தில் தினமும் வந்து சொல்வாள்: இன்றைக்கு உத்தரம் ஏற்றினார்கள், இன்றைக்கு ஓடு வந்தது. பிறகு சொல்வது குறைந்தது. வேலை அதிகம் என்றாள். ஓணத்தன்று எல்லோருக்கும் பாயசம் வாங்கி வந்தாள். இலையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். முப்பிடாதி அக்கா, "எப்பட்டி வீட்டுக்குப் போறது? எனக்கு இந்தத் தண்ணி பிடிக்கல" என்றாள். "ஆச்சு அக்கா, இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் ஸாதனா. அக்காவின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

தீபாவளி நெருங்கியபோது, கூரை முடிந்து பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டதாகப் பிச்சைமணி வேலைக்குப் போன வழியில் மண்டிப் பக்கம் நின்று பார்த்து வந்து சொன்னார். தீபாவளியைச் சொந்த வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று ஆண்கள் முடிவு செய்தார்கள். ஸாதனா காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள். அவளிடம் கேட்கக்கூட இல்லை. சாமான்களில் பாதியை ஒரு பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் பாட்டுக்குப் போய் இறங்கினோம்.

சந்து முனையில் இரும்பு கேட் வைத்திருந்தார்கள். நீலச் சட்டை போட்ட காவலாளி எங்கள் பாத்திரப் பண்டங்களைப் பார்த்துவிட்டு, "புக்கிங் உண்டோ?" என்று கேட்டான். பிச்சைமணிக்குப் புரியவில்லை. "வீட்டுக்காரங்கப்பா" என்றார். அவன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் எங்கள் வாசல்களில் எல்லாம் செடித்தொட்டி, எண் எழுதிய பித்தளைத் தகடு. ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

ரமேஷ்பாபு உள்ளே இருந்து வந்தார். ஸாதனாவும் வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"சேட்டா, ஒச்ச வைக்கண்டா" என்று பிச்சைமணியிடம் கையைக் காட்டினார் ரமேஷ்பாபு. சத்தம் போடக் கூடாதாம், உள்ளே ஆட்கள் தூங்குகிறார்களாம். "ஞான் டிசைனர் மாத்ரம். தீருமானிச்சது ஓணர்மாராணு." முடிவெடுத்தது முதலாளிகளாம், அவர் வரைகிறவர் மட்டும்தானாம்.

"என் வீட்டுத் தரைல ஒக்காந்து கப்ப தின்னியே, அப்ப யாரு? அப்பவும் டிசைனர் மாத்ரமா?" என்றார் பிச்சைமணி.

ரமேஷ்பாபுவின் முகம் சிவந்தது. இடக்கொச்சி வீடு இன்னும் ஆறு மாதத்துக்கு இருக்கிறது, அதற்குள் எல்லோரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் பணமும் வாங்கித் தரலாம் என்று மெதுவான குரலிலேயே சொன்னார். நீங்களாகத்தானே காலி செய்து சாவி கொடுத்தீர்கள் என்றும் சொன்னார்.

முப்பிடாதி அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. ஸாதனாவிடம் போனாள். "சாவிய எடு" என்று கையை நீட்டினாள். "எடுட்டி. ஒங்கிட்டதான குடுத்தேன்? அந்தாள்ட்ட நான் குடுக்கலயே." ஸாதனா அழுதாள். அக்கா நீட்டிய கையை வெகுநேரம் மடக்கவில்லை. பிறகு தன் ஸ்டீல் குடத்தை ஆட்டோவில் இருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

இடக்கொச்சிக்குத் திரும்பிய பிறகு மைனி மகளைப் பார்த்துக் கத்தித் தீர்த்தாள். "அந்த நர்சிங்குக்குப் போயிருந்தா நாலு பேரோட சீக்காவது பாத்திருப்ப. நீ வீடு பாக்கப் படிச்சு இருந்த வீட்டையும் பறிச்சுட்டு வந்துட்ட." ஸாதனா என் அறைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "அடுப்பு மேடைய எடுத்துட்டு அங்க பாத்ரூம் வரையச் சொன்னாரு. அடுப்பில்லாத வீட்ல நம்ம ஆளுங்க எப்படி இருப்பாங்க? அப்ப தெரிஞ்சுது."

"அது எப்ப?"

"ஓணத்துக்கு முன்னால."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவர மாத்திரலாம்னு நெனச்சேன் அத்தை. நம்ம ஆளுங்க இருக்குற மாதிரியே வேற ஒண்ணு வரஞ்சு குடுத்தேன். ரெண்டு மூணு தடவ குடுத்தேன். ஓணர் பாக்கட்டும்னு சொல்லிட்டே இருந்தாரு. அதோட... வேலையும் போயிரும்னு பயந்தேன். நான் செய்யணும்னு நெனச்ச வேலை அத்தை அது. மொத தடவையா அதத்தான் செஞ்சிட்டு இருந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்க மாமா கூரை இல்லாட்டியும் போய் உள்ள படுத்திருப்பாரு."

"தெரியும்."

"முப்பிடாதி அக்கா படுத்திருப்பா."

"தெரியும் அத்தை."

ரமேஷ்பாபு மாதிரி ஆட்களை எங்கள் லைன் முன்பும் பார்த்திருக்கிறது. பம்பாய்க்காரர்களை நாங்கள் நம்பியதே இல்லை, அதனால்தான் இருப்பு வைத்தோம். அவர்கள் மேல் எனக்கு வந்தது வெறும் கோபம். ஆனால் இவள் என் கை காலையில் எங்கே போகும் என்று கேட்டவள். அது தெரிந்த ஒருத்தி எல்லாம் தெரிந்துகொண்டே எங்களோடு ஓண இலையில் உட்கார்ந்தாள், அக்காவுக்கு மறுபடி பாயசம் ஊற்றினாள். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குச் சரியாகவில்லை. அவள் வயது, அவள் பயம், அவள் அந்த வேலைக்கு ஆசைப்பட்டது எல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

அவள் மறுநாளே ஆபீஸை விட்டுவிட்டாள். நாங்கள் போட்ட வழக்கில் எங்கள் பக்கம் சாட்சிக்குக் கூண்டில் ஏறினாள். குடியிருந்தவர்கள் தாங்களாகவே காலி செய்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். "தானா போகல. நான் சொல்லித்தான் போனாங்க. திரும்பி வரலாம்னு சொன்னதும் நான்தான்" என்று மலையாளத்தில் சொன்னாள். நான் பின்பெஞ்சில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு மட்டாஞ்சேரியில் எந்த டிசைன் ஆபீசும் அவளை எடுக்கவில்லை. மைனி வேறு வேலை பார் என்று ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு வேற வேலை வேண்டா. இந்த வேலை தப்பு செய்யல, நான்தான் செஞ்சேன்" என்றாளாம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் வீடுகளில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். நாங்கள் இடக்கொச்சியில் வேறு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முப்பிடாதி அக்கா தோப்பும்படியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவி அங்கேயே படுத்துக்கொள்கிறாள். ஸாதனா இடப்பள்ளியில் பழைய கடைக்கே திரும்பிப் போய் அடுக்களை அலமாரி வரைகிறாள். அவளும் சரோஜம்மாவும் ஒரே அறையில் இருக்கிறார்கள், பேசுவதில்லை. நான் பேசுகிறேன். சாயாவும் கொடுக்கிறேன். ஆனால் அவள் எதைச் சொன்னாலும் வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நம்புகிறேன்.